சி மொழி கேள்வி-பதில்: ஃபைல் ஏன் திறக்கவில்லை?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பங்கு சி மொழியில் ஃபைல் திறப்பது, படிப்பது, எழுதுவது பற்றியவை. ஆகவே பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். 'நல்', 'இஓஎஃப்', 'சீக்_கர்' மூன்றும் முழுக்கப் பெரிய எழுத்து. மற்ற விதிவிலக்குகளை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

கேள்வி: மார்க்ஸ்.டிஎக்ஸ்டி என்ற ஃபைல் அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது. ஆனால் புரோகிராமை ஓட்டினால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று நின்றுவிடுகிறது. காரணம் என்ன? (இன்ஜினீயரிங் மாணவி, நாமக்கல்)

உங்களிடம் இருப்பது இரண்டு பிழைகள். ஃபைல் திறக்கவில்லை என்பது ஒன்று. திறந்ததா என்று பார்க்காமலேயே படிக்கப் போனது மற்றொன்று. புரோகிராம் விழுந்தது இரண்டாவதால்தான்.

எஃப்ஓபன் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் வைக்கும் விண்ணப்பம். மறுத்தால் கையில் கிடைப்பது நல், அதாவது எதையும் சுட்டாத வெற்று முகவரி. அந்த நல்லை அப்படியே எஃப்ஸ்கேன்எஃப்பிடம் கொடுத்தால் இல்லாத முகவரியைத் தொடப்போய் புரோகிராம் செத்துவிடும். ஆகவே எங்கே எஃப்ஓபன் எழுதினாலும் அதன் கீழே இந்தச் சோதனையும் வந்தாக வேண்டும்:

எஃப்பி = எஃப்ஓபன்("மார்க்ஸ்.டிஎக்ஸ்டி", "ஆர்");
இஃப் (எஃப்பி == நல்) {
 பிஎரர்("மார்க்ஸ்.டிஎக்ஸ்டி");
 ரிட்டர்ன் 1;
}

பல பாடப்புத்தகங்களில் இந்த இடத்தில் 'ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்று ஒரு பிரின்ட்எஃப் மட்டும் இருக்கும். அது போதாது. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்வது பிஎரர்தான். உள்ளே எர்ர்நோ என்ற எண் இருக்கிறது; பிஎரர் அதன் பொருளை ஆங்கிலச் செய்தியாகக் காட்டும். அது 2 என்றால் அந்தப் பெயரில் ஃபைல் இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. விண்டோஸில் ஒரு சிஎஸ்வி ஃபைலை எக்செலில் திறந்து வைத்துக்கொண்டே உங்கள் புரோகிராமிலிருந்து அதில் எழுதப் போனாலும் 13 வரும். எக்செலை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

உங்களுக்கு 2 வந்தால் மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது, புரோகிராம் எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறது என்பது. வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் தேடல் நடப்பது அந்த ஃபோல்டரில். உங்கள் சி ஃபைல் இருக்கும் ஃபோல்டர் வேறாக இருக்கலாம். விஷுவல் ஸ்டுடியோவிலிருந்து ஓட்டினால் வழக்கமாக அது புராஜெக்ட் ஃபோல்டர். உருவான இஎக்ஸ்இ ஃபைலை எக்ஸ்புளோரரில் டபுள் கிளிக் செய்தால் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டர். சிலயன் என்ற எடிட்டரிலிருந்து ஓட்டினால் வழக்கமாக சிமேக்-பில்ட்-டீபக் என்ற உள் ஃபோல்டர். சந்தேகம் வந்தால் எளிய வழி ஒன்று உண்டு: இஸட்இஸட்இஸட்.டிஎக்ஸ்டி போல எங்கும் இல்லாத ஒரு பெயரை எழுதும் முறையில் ('டபிள்யூ') திறந்து உடனே மூடுங்கள். அது எந்த ஃபோல்டரில் முளைக்கிறதோ, மார்க்ஸ்.டிஎக்ஸ்டி இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

இரண்டாவது, பெயரின் வால். விண்டோஸ் வழக்கமாக எக்ஸ்டென்ஷனை மறைத்துக் காட்டும். ரீநேம் செய்யும்போது பெயரோடு டிஎக்ஸ்டியையும் சேர்த்து அடித்ததால் உண்மையான பெயர் மார்க்ஸ்.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி ஆகியிருக்கலாம். எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, பின்சாய்கோடு. "டி:\நியூ\டெஸ்ட்.டிஎக்ஸ்டி" என்று முழு வழியும் கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆங்கிலத்தில் அடிக்கும்போது நியூவின் முதல் எழுத்து என், டெஸ்ட்டின் முதல் எழுத்து டி. சி மொழிக்கு \என் என்றால் புது வரி, \டி என்றால் டேப். அந்தப் பெயரில் எந்த டிஸ்க்கிலும் ஃபைல் இருக்காது. ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரண்டாக அடியுங்கள், அல்லது முன்சாய்கோடு போடுங்கள். விண்டோஸ் இரண்டையும் ஏற்கும்.

கேள்வி: நல் சோதனை போட்டிருக்கிறேன். ஃபைலும் இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராமல் புரோகிராம் விழுகிறது. வரி இதுதான்: இஃப் (எஃப்பி = எஃப்ஓபன்("ஏ.டிஎக்ஸ்டி", "ஆர்") == நல்). (பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்)

ஒரு ஜோடி அடைப்புக்குறி குறைகிறது. ஒற்றைச் சமக்குறிக்கு முன் இரட்டைச் சமக்குறி முந்திக்கொள்ளும். எஃப்ஓபன் தந்தது நல்லா என்ற ஒப்பீடு முதலில் நடந்து, 'இல்லை' என்பதால் 0 வருகிறது. அந்த 0 எஃப்பிக்குள் போகிறது. ஃபைல் ஒழுங்காகத் திறந்ததால்தான் எஃப்பி நல் ஆகிறது! நிபந்தனையும் பொய் என்பதால் பிழைச் செய்தி வராது. இஃப் ((எஃப்பி = எஃப்ஓபன்(...)) == நல்) என்று எழுத வேண்டும். இரண்டு வரியாகப் பிரித்து எழுதுவது அதைவிட நல்லது.

கூடவே ஒன்று. முறையைக் குறிக்கும் எழுத்துக்கு இரட்டை மேற்கோள்தான் போட வேண்டும். ஒற்றை மேற்கோளுக்குள் ஆர் போட்டால் அது 114 என்ற எண்; முகவரி கேட்கும் இடத்தில் எண்ணைக் கொடுத்ததாகிவிடும். ஜிசிசி கம்பைலரின் பழைய பதிப்புகள் எச்சரிக்கையோடு விட்டுவிடும். ஜிசிசி 14 முதல் இதைப் பிழை என்றே நிறுத்துகிறது. எச்சரிக்கைகளைப் படியுங்கள், கம்பைல் செய்யும்போது -வால் (டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து) என்ற ஆப்ஷனைச் சேருங்கள்.

கேள்வி: முகவரி ஃபைலில் ஒரு பெயரைத் திருத்துவதற்காக 'டபிள்யூ' முறையில் திறந்தேன். மொத்தமும் காலி. மீட்க முடியுமா? 'ஆர் பிளஸ்' போட்டிருந்தால் சரியாகியிருக்குமா? (சுயமாகப் படிப்பவர், திருநெல்வேலி)

பிரதி எடுத்து வைத்திருந்தால் ஒழிய, சி மொழியால் மீட்க முடியாது. ஒரு எழுத்துக்கூட எழுத வேண்டாம். டபிள்யூ முறையில் திறந்த அந்த நொடியே ஃபைலின் நீளம் 0 ஆகிவிடும். 'டபிள்யூ பிளஸ்'ஸும் அப்படித்தான். படிக்கவும் அனுமதிக்கும், ஆனால் காலி செய்துவிட்டுத்தான். பழையதை அழிக்கக் கூடாது என்றால் சி11 தரத்தில் வந்த 'டபிள்யூஎக்ஸ்' முறை இருக்கிறது. ஃபைல் ஏற்கனவே இருந்தால் திறக்க மறுத்து நல் தரும்.

'ஏ' முறை எப்போதும் கடைசியில்தான் சேர்க்கும். எஃப்சீக் கொண்டு முன்னால் போய் நின்றாலும் எழுத்து விழுவது கடைசியில்தான். லாக் ஃபைலுக்குப் பொருத்தம், திருத்தத்துக்கு உதவாது.

'ஆர் பிளஸ்' காலி செய்யாது. ஆனால் நீங்கள் நினைக்கும் திருத்தத்தையும் செய்யாது. எழுதும் பைட் ஏற்கனவே இருக்கும் பைட்டின் மேல் விழும். நடுவில் இடம் விட்டு நகர்ந்துகொள்ளாது. 'ரவி' இருந்த இடத்தில் 'ரவிச்சந்திரன்' எழுதினால் அடுத்த வரியின் தலை போய்விடும். 'ஆர் பிளஸ்'ஸில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: படித்த கையோடு எழுதக் கூடாது, எழுதிய கையோடு படிக்கவும் கூடாது. நடுவில் ஒரு எஃப்சீக் வேண்டும். இருக்கும் இடத்திலேயே நிற்பதானாலும் எஃப்சீக்(எஃப்பி, 0, சீக்_கர்) போட வேண்டும். எழுதியபின் படிப்பதற்கு எஃப்ஃபிளஷ்ஷும் போதும். இதை விட்டால் ஒரு கணினியில் ஓடும், இன்னொன்றில் குப்பை எழுதும்.

வரிகளின் நீளம் மாறக்கூடிய டெக்ஸ்ட் ஃபைலுக்கு ஒரே நம்பகமான வழி: பழைய ஃபைலை 'ஆர்' முறையில் திறங்கள். முகவரி.டிஎம்பி என்று புதிதாக ஒன்றை 'டபிள்யூ' முறையில் திறங்கள். வரிவரியாகப் படித்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, மற்றதை அப்படியே புதியதில் எழுதுங்கள். இரண்டையும் மூடி, மூடியது வெற்றியா என்று பார்த்த பிறகே ரீநேம் கொண்டு புதியதற்குப் பழைய பெயரைக் கொடுங்கள். லினக்ஸில் ரீநேம் பழையதை ஒரே அடியில் மாற்றிவிடும். விண்டோஸில் அந்தப் பெயரில் ஃபைல் இருந்தால் ரீநேம் தோற்கும். அங்கே மூவ்ஃபைல்இஎக்ஸ் (எம், எஃப், இ மூன்றும் பெரிய எழுத்து) என்ற விண்டோஸ் ஃபங்ஷனை, இருப்பதை மாற்றிவிடு என்ற குறிப்போடு பயன்படுத்துங்கள். ரிமூவ் செய்துவிட்டு ரீநேம் செய்வதும் நடக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போனால் சரியான பெயரில் எதுவுமே இருக்காது.

கேள்வி: ஃபைலில் 5 வரிதான். திரையில் கடைசி வரி மட்டும் இரண்டு முறை வருகிறது. வைல் (!எஃப்இஓஎஃப்(எஃப்பி)) என்றுதான் லூப் போட்டேன். (பி.எஸ்சி. மாணவி, மதுரை)

எஃப்இஓஎஃப் 'அடுத்து எதுவும் இல்லை' என்று முன்கூட்டியே சொல்லாது. 'சற்றுமுன் படிக்கப் போய் முடிவைத் தொட்டேன்' என்று மட்டுமே சொல்லும். ஐந்தாவது வரியைப் படித்து முடித்ததும் இன்னும் ஒரு வரி மாற்றும் பைட் மிச்சம் இருப்பதால் அது பொய் என்கிறது. லூப் ஆறாவது முறை சுற்றுகிறது, படிப்பது தோற்கிறது, மாறியில் பழைய மதிப்பு அப்படியே நிற்கிறது, நீங்கள் அதை மறுபடி அச்சிடுகிறீர்கள்.

படிக்கும் ஃபங்ஷனையே நிபந்தனையில் வையுங்கள்:

வைல் (எஃப்ஸ்கேன்எஃப்(எஃப்பி, "%டி %எஃப்", &எண், &மார்க்) == 2)

எத்தனை மதிப்பு கிடைத்தது என்பதை எஃப்ஸ்கேன்எஃப் திருப்பித் தரும். இரண்டும் கிடைத்தால்தான் லூப் தொடரும். எண் வர வேண்டிய இடத்தில் யாரோ எழுத்தை அடித்திருந்தாலும் இது நின்றுவிடும். எஃப்இஓஎஃப் லூப் அதே எழுத்தில் முட்டிக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். முழு வரியாகப் படிப்பதானால் எஃப்கெட்எஸ் நல் தரும்வரை ஓட்டுங்கள். எஃப்இஓஎஃப்புக்கு உரிய இடம் லூப்புக்கு வெளியே: நின்றது ஃபைல் முடிந்ததாலா, பிழையாலா என்று பார்ப்பதற்கு.

கேள்வி: எழுத்து எழுத்தாக எஃப்கெட்சி கொண்டு நகலெடுக்கும் புரோகிராம். டெக்ஸ்ட் ஃபைலுக்குச் சரியாக வருகிறது. படங்களுக்கு ஓட்டினால் ஜேபெக் நகல் 0 பைட், பிஎன்ஜி நகல் 6 பைட். விண்டோஸ். (ஐடிஐ பயிற்றுநர், சேலம்)

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களே விடையைச் சொல்லிவிடுகின்றன.

ஜேபெக் ஃபைலின் முதல் பைட் 255. படித்த எழுத்தை வைக்கும் மாறியை 'சார்' என்று அறிவித்திருப்பீர்கள். வழக்கமான கணினியில் அந்த வகைக்குள் 255 போனால் -1 ஆகும். இஓஎஃப்பின் மதிப்பும் -1. முதல் பைட்டிலேயே ஃபைல் முடிந்தது என்று லூப் நிற்கிறது. எஃப்கெட்சி திருப்பித் தருவது 'இன்ட்'. ஆகவே மாறியும் இன்ட் ஆகத்தான் இருக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை போன்ற ஏஆர்எம் லினக்ஸில் இதே பிழை தலைகீழாகத் தெரியும்: அங்கே சார் குறை எண்ணை ஏற்காது, -1 வரவே வராது, டிஸ்க் நிரம்பும்வரை 255 எழுதிக்கொண்டே போகும்.

பிஎன்ஜி ஃபைலின் முதல் 8 பைட்கள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நீங்கள் வெறும் 'ஆர்', 'டபிள்யூ' என்று திறந்திருக்கிறீர்கள். விண்டோஸில் அது டெக்ஸ்ட் முறை. படிக்கும்போது 13, 10 சேர்ந்து ஒரே 10 ஆகும். 26 வந்தால் ஃபைல் முடிந்தது என்று பொருள். டாஸ் காலத்து வழக்கம் அது. எழுதும்போது அந்த 10 மீண்டும் 13, 10 ஆகும். முதல் நான்கும் இந்த இரண்டும் சேர்ந்து உங்கள் 6 பைட். பிஎன்ஜியை வடிவமைத்தவர்கள் இப்படிக் கெட்டுப்போன நகலை உடனே கண்டுபிடிக்கத்தான் அந்தப் பைட்களைத் தலையிலேயே வைத்தார்கள்.

'ஆர்பி', 'டபிள்யூபி' என்று திறங்கள். லினக்ஸில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை, ஆனாலும் பி போடும் பழக்கத்தை விட வேண்டாம்.

கேள்வி: டர்போ சி-யில் எழுதிய மாணவர் பட்டியல் ஃபைல். 10 பேர். அதே புரோகிராமை ஜிசிசி-யில் கம்பைல் செய்து படித்தால் 9 பேர்தான் வருகிறார்கள். முதல் பெயர் மட்டும் சரி, மற்றதெல்லாம் குப்பை. (கல்லூரி லேப் உதவியாளர், தஞ்சாவூர்)

உங்கள் ஸ்ட்ரக்ட்டில் 30 எழுத்துப் பெயர், இன்ட் வகையில் ரோல் நம்பர், ஃப்ளோட் வகையில் மார்க். அதை எஃப்ரைட் கொண்டு ஒரே கட்டியாக எழுதியிருக்கிறீர்கள். டர்போ சி-யில் இன்ட் 2 பைட். ஒட்டி ஒட்டி வைக்கும். 30, 2, 4 சேர்ந்து 36. ஜிசிசி-யில் இன்ட் 4 பைட், அது 4-ஆல் வகுபடும் இடத்தில் தொடங்க வேண்டும். பெயருக்குப் பின் 2 பைட் காலியாக விடும். 30, 2, 4, 4 சேர்ந்து 40. ஃபைலின் அளவு 360 பைட். 360-ஐ 40-ஆல் வகுத்தால் 9.

குப்பை என்று நீங்கள் சொல்வதற்கும் கணக்கு இருக்கிறது. முதல் ஆளின் ரோல் நம்பரை ஜிசிசி 32-வது பைட்டில் தேடுகிறது. அங்கே இருப்பது மார்க். மார்க் 75.5 என்றால் ரோல் நம்பராக 1117192192 தெரியும். மார்க் இடத்தில் அடுத்த பெயரின் முதல் 4 எழுத்து மாட்டிக்கொள்ளும். இரண்டாம் ஆளின் பெயர் ஐந்தாவது எழுத்திலிருந்து தொடங்கும். உங்கள் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய ஃபைலை மீட்க: 36 பைட் அளவுள்ள ஒரு வெறும் சார் வரிசையை வைத்து 'ஆர்பி' முறையில் ஒவ்வொரு ரெக்கார்டாக எஃப்ரீட் செய்யுங்கள். முதல் 30 பைட்டைப் பெயருக்கும், 30-வது பைட்டிலிருந்து 2 பைட்டை இன்ட்16_டி வகை மாறிக்கும், 32-லிருந்து 4 பைட்டை ஃப்ளோட்டுக்கும் மெம்சிபிஒய் கொண்டு நகலெடுங்கள். இன்ட்16_டி வேண்டுமானால் எஸ்டிடிஇன்ட்.ஹெச் ஹெடரைச் சேர்க்க வேண்டும். படித்ததை இனி கமா பிரித்த டெக்ஸ்ட்டாக எழுதி வையுங்கள். ஸ்ட்ரக்ட்டை அப்படியே கொட்டுவது அதே கம்பைலர், அதே கணினி என்று இருக்கும்வரைதான் செல்லும். பல ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டிய மாணவர் விவரத்துக்கு அது கூடவே கூடாது.

கேள்வி: எஃப்பிரின்ட்எஃப் கொண்டு எழுதியபின் ஃபைலைத் திறந்து பார்த்தால் காலி. புரோகிராம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. நடுவில் கன்ட்ரோல்-சி அடித்தால் எதுவுமே இல்லை. (பயிற்சி ஊழியர், கோயம்புத்தூர்)

எழுதுவது நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் சேரும். லினக்ஸில் வழக்கமாக 4096 பைட். அது நிரம்பினாலோ, எஃப்ஃபிளஷ் அல்லது எஃப்குளோஸ் அழைத்தாலோ, மெயின் ஒழுங்காக முடிந்தாலோதான் வெளியே போகும். கன்ட்ரோல்-சி-யும் செக்மென்டேஷன் ஃபால்ட்டும் பஃபரோடு சேர்த்துக் கொன்றுவிடும். முக்கியமான ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் எஃப்ஃபிளஷ் போடுங்கள். அதுவும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கையில்தான் சேர்க்கும். மின்சாரம் போனாலும் நிற்க வேண்டும் என்றால் லினக்ஸில் அடுத்து எஃப்சிங்க் தேவை.

இதிலிருந்தே இன்னொன்று புரியும்: டிஸ்க் நிரம்பியது எஃப்பிரின்ட்எஃப்புக்குத் தெரியாமலே போகலாம். தெரியவருவது மூடும்போது. எஃப்குளோஸ் 0 தராவிட்டால் ஃபைல் முழுமையாக இல்லை என்று பொருள். லினக்ஸில் இதைச் சோதிக்க ஒரு வசதி இருக்கிறது. /டெவ்/ஃபுல் என்ற ஃபைலை 'டபிள்யூ' முறையில் திறந்து ஒரு வரி எழுதி மூடுங்கள். திறப்பதும் எழுதுவதும் வெற்றி என்றே சொல்லும். எஃப்குளோஸ் மட்டும் தோற்று எர்ர்நோ 28 தரும், அதாவது டிஸ்க்கில் இடம் இல்லை. உங்கள் புரோகிராம் அந்தச் சோதனையில் 'சேமிக்கப்பட்டது' என்று காட்டினால் அது பொய் சொல்கிறது; திருத்துங்கள்.

கேள்வி: தமிழில் பெயரிட்ட கோப்பை விண்டோஸில் திறக்க முடியவில்லை. உள்ளே இருக்கும் ஊர்ப் பெயர்களும் பாதியில் வெட்டுப்பட்டு, கடைசியில் பெட்டி போலத் தெரிகின்றன. 20 அளவுள்ள வரிசைதான் வைத்திருக்கிறேன். (வாசகர், யாழ்ப்பாணம்)

விண்டோஸில் எஃப்ஓபன் வழக்கமாகப் பெயரைப் பழைய கோட்பேஜ் (எழுத்துக்கு எண் கொடுக்கும் அட்டவணை) வழியாகவே பார்க்கும். தமிழுக்கு அப்படி ஒரு கோட்பேஜ் கிடையாது. _டபிள்யூஎஃப்ஓபன் என்ற ஃபங்ஷனை எடுத்து, பெயருக்கும் முறைக்கும் முன்னால் பெரிய 'எல்' எழுத்தைச் சேருங்கள். விஷுவல் ஸ்டுடியோவானால் கம்பைலருக்கு /யுடிஎஃப்-8 ஆப்ஷனும் கொடுங்கள். லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

வெட்டுப்படுவது வேறு கணக்கு. யுடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். மெய்யின் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியே 3. 'யாழ்ப்பாணம்' கண்ணுக்கு 6 எழுத்து, ஃபைலில் 11 குறிகள், 33 பைட். முடிவுக் குறியோடு 34. உங்கள் வரிசை 20. எஃப்கெட்எஸ் 19 பைட் எடுக்கும்: 6 குறிகள் முழுதாக, ஏழாவதில் ஒரே ஒரு பைட். அந்த ஒற்றைப் பைட்தான் பெட்டி. மிச்சம் அடுத்த எஃப்கெட்எஸ்ஸில் புது வரி போல வரும். ஊர்ப் பெயருக்கு 256 வையுங்கள். வரியின் கடைசியில் \என் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் வரி முழுதாக வரவில்லை.

முதல் வரியின் தொடக்கத்தில் மட்டும் விசித்திரமாக ஏதாவது வந்தால் அது 239, 187, 191 என்ற மூன்று பைட். சில எடிட்டர்கள் யுடிஎஃப்-8 அடையாளமாகச் சேர்ப்பவை. இருந்தால் தாண்டிவிடுங்கள்.

கேள்வி: விஷுவல் ஸ்டுடியோ எஃப்ஓபன் பாதுகாப்பற்றது, எஃப்ஓபன்_எஸ் பயன்படுத்து என்று சி4996 காட்டுகிறது. மாற வேண்டுமா? (மாணவர், வேலூர்)

லினக்ஸிலும் ஓட வேண்டிய புரோகிராம் என்றால் வேண்டாம். எஃப்ஓபன்_எஸ் அங்கே வழக்கமாகக் கிடைக்காது. எல்லா ஹெடருக்கும் மேலே _சிஆர்டி_செக்யூர்_நோ_வார்னிங்ஸ் என்று பெரிய எழுத்தில் டிஃபைன் செய்தால் எச்சரிக்கை போகும். நல் சோதனை இருக்கும்வரை எஃப்ஓபனால் ஆபத்து இல்லை.

கேள்வி: ஒரு ஃபோல்டரில் உள்ள 3000 ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வார்த்தைகளை எண்ணுகிறேன். லினக்ஸில் 1021 ஃபைல் வரை ஓடி, அதன்பின் எல்லாமே நல். (ஆராய்ச்சி மாணவி, சென்னை)

லூப்புக்குள் எஃப்குளோஸ் இல்லை. லினக்ஸில் ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களுக்கு வழக்கமான வரம்பு 1024. அதில் 3 இடத்தைக் கீபோர்டு, திரை, பிழைச் செய்திக்கான ஓடைகள் ஏற்கனவே பிடித்திருக்கின்றன. மீதி 1021. பிஎரர் போட்டிருந்தால் எர்ர்நோ 24, திறந்த ஃபைல்கள் அதிகம் என்று வந்திருக்கும். விண்டோஸில் இதே புரோகிராம் 509-லேயே நின்றிருக்கும். அங்கே வரம்பு 512. யுலிமிட் கொண்டு வரம்பை ஏற்ற வேண்டாம். லூப்பில் கன்டின்யூ அல்லது பிரேக் இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். எஃப்குளோஸைத் தாண்டி ஓடுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.